தோற்றுக்கொண்டே இருந்த வக்கீல்

எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெரி மேசன் நாவல்களை நம்மில் பலர் பழைய புத்தகக் கடைகளில் பார்த்திருப்போம். அக்கதைகள் 1957 முதல் 1966 வரை அமெரிக்க டெலிவிஷனில் தொடராக வந்தன. மேசனாக நடித்த ரேமண்ட் பர் பெரும்புகழ் அடைந்தார். அவரிடம் வாரந்தோறும் தோற்ற அரசாங்க வக்கீல் பர்கராக நடித்தவரைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் வில்லியம் டால்மன்.

1915இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். நாடக மேடையில் தொழில் பழகி, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணி புரிந்து, பிறகு ஹாலிவுட் சென்றார். ஐடா லுபினோ டைரக்ட் செய்த 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953) படத்தில், காரில் இடம் கொடுத்தவர்களையே கொல்லும் கொலைகாரனாக வந்தார். அவனுக்கு ஒரு கண் மூடாது. அவன் தூங்குகிறானா, விழித்திருக்கிறானா என்று அவனிடம் அகப்பட்ட இருவருக்கும் தெரியாது. பார்ப்பவர் நெஞ்சும் நடுங்கும்.

பர்கர் வேடம் எளிதன்று. எப்போதும் தோற்பவனை உலகம் விரைவில் கேலி செய்யும். டால்மன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கையிலுள்ள சாட்சியத்தை நம்பி வாதாடும் நேர்மையான மனிதராகவே பர்கரைக் காட்டினார்.

1960இல் அவர் மீதே வழக்கு வந்தது. ஒரு விருந்தில் போலீசார் புகுந்து கைது செய்தவர்களில் அவரும் ஒருவர். சி.பி.எஸ். நிறுவனம் அவரை நீக்கியது. வழக்கு தள்ளுபடியான பின்பும் வேலை உடனே திரும்பவில்லை. கார்ட்னரும் பர்ரும் அவருக்காகப் பரிந்து பேசினர்; ரசிகர்களும் வற்புறுத்தினர். அதன் பிறகே மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டார்.

அவர் நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை 1964இல் அறிவித்தது. அந்த நோயே அவரையும் பற்றியது. 1968இல், பிழைப்பது அரிது என்று அறிந்தும், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஒரு சிறு படத்தில் தோன்றினார். தம் வீட்டையும் மனைவி மக்களையும் காட்டினார். தம் நோயின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார். புகைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 30ஆம் நாள், 53ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்த பிறகு அப்படம் டெலிவிஷனில் வந்தது. சிகரெட் விளம்பரங்களும் அதே திரையில் வந்துகொண்டிருந்த காலம் அது. 1971இல்தான் அவை அங்கே தடை செய்யப்பட்டன.

நண்பர்களே, வீட்டை விட்டு விடுதிக்கு வந்த முதல் ஆண்டிலேயே நம்மில் சிலரை இப்பழக்கம் பற்றிக்கொள்கிறது. விஞ்ஞானம் படிக்கும் நானும் புள்ளிவிவரங்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே பற்றவைக்கிறார்கள். டால்மனோ தம் உடலையே சாட்சியாக நிறுத்தினார். திரையில் எத்தனையோ வழக்குகளில் தோற்றவர் அவர். இந்த ஒரு வழக்கில் அவர் வெல்வதும் தோற்பதும் நம் கையில் இருக்கிறது.