ஏணியல்ல, மரம்!



நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் வருடம் இன்ஜினியரிங் கிராபிக்ஸில் எனக்கு அரியர் விழுந்தது. அப்போது சொந்தக்காரர் ஒருவர் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்க வம்சத்துல எவன் படிச்சான், ரத்தத்துல இருந்தாத்தானே வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்படி வம்சம் என்றால் என்னதான் என்று நூலகத்தில் தேடப் போய், ஒரு மனிதரின் வாழ்க்கையில் வந்து நின்றேன். அவர்தான் சார்லஸ் டார்வின்.

1809 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெரிய டாக்டர், வசதிக்குக் குறைவில்லை. எட்டு வயதில் அம்மாவை இழந்தார். மகனும் டாக்டராக வேண்டும் என்று அப்பா எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடி வந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்றது. நாயும் வேட்டையுமாகத் திரிகிற பிள்ளை குடும்ப மானத்தை வாங்கப் போகிறான் என்று அப்பாவுக்குக் கவலை. ஆக, அரியர் நமக்கு மட்டும் வந்ததில்லை நண்பர்களே!

பிறகு கேம்பிரிட்ஜில் படித்து முடித்தார். 1831-ல் பீகிள் என்ற கப்பலில் உலகம் சுற்ற வாய்ப்பு வந்தது. அப்பா முடியாது என்றார். தாய்மாமன் வந்து பேசித்தான் சம்மதம் கிடைத்தது. (பின்னாளில் அந்த மாமன் மகள் எம்மாவையே திருமணம் செய்துகொண்டார். நம்ம ஊர் கதை மாதிரியே இல்லையா!)

ஏறக்குறைய ஐந்து வருடப் பயணம். 1835-ல் கலபகோஸ் தீவுகளில் சின்னச் சின்னப் பறவைகளைச் சேகரித்தார். ஆனால் எந்தப் பறவை எந்தத் தீவில் பிடித்தது என்று பலவற்றுக்குச் சீட்டு எழுதவில்லை. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுத மறந்த நம்ம கதைதான். 1837-ல் ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர், வேறு வேறு வகை என்று நினைத்த பல பறவைகள் ஒரே சொந்தத்தைச் சேர்ந்தவை என்று கண்டுபிடித்துச் சொன்னார். டார்வினுக்குப் பொறி தட்டியது.

அதே வருடம் தன் நோட்டின் 36-ஆம் பக்கத்தில் மையால் ஒரு சின்னப் படம் கிறுக்கினார். அடியில் 1 என்று ஒரு புள்ளி. அதிலிருந்து கிளைகள், கிளையில் கிளைகள். சில நுனிகளில் குறுக்குக் கோடு போட்டார். அவை இன்று வாழும் இனங்கள். கோடு இல்லாத நுனிகள் அழிந்துபோனவை. டிராஃப்டரும் ஸ்கேலும் இல்லாமல் போட்ட அந்தப் படம்தான் உயிரியலையே மாற்றியது. அந்த நோட்டு 2001-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் காணவில்லை என்று தெரிந்தது. 2022 மார்ச்சில் யாரோ ஒரு பையில் போட்டுத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்!

படத்தைப் படிப்பது சுலபம். இரண்டு கிளைகள் சேரும் இடம் பொது மூதாதை. சேரும் இடம் நுனிக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நெருங்கிய சொந்தம். உருவத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவோம். முதலைக்குப் பல்லியைவிடக் கோழிதான் நெருங்கிய சொந்தம். இன்று டி.என்.ஏ.வை ஒப்பிட்டே இந்த மரங்களை வரைகிறார்கள்.

படம் வரைந்தும் டார்வின் இருபது வருடம் வெளியிடவில்லை. சிப்பி போல ஒட்டி வாழும் பார்னக்கிள் உயிரிகளை மட்டும் எட்டு வருடம் ஆராய்ந்தார். நடுவில் 1851-ல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். 1858-ல் தூரக் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து ஆல்ஃபிரட் வாலஸ் ஒரு கட்டுரை அனுப்பினார். அதே கருத்து! வசதியில்லாமல் 14 வயதில் பள்ளியை விட்டவர் இந்த வாலஸ். இருவர் எழுத்தும் ஜூலை 1-ல் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் டார்வின் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்.

1859 நவம்பர் 24-ல் உயிரினங்களின் தோற்றம் என்ற நூல் வந்தது. அத்தனை பெரிய புத்தகத்தில் ஒரே ஒரு படம், அதுவும் கிளைப்படம். 11 இனங்களில் தொடங்கி 15 இனங்களில் முடிகிறது. ஆனால் அந்தப் பதினைந்தும் மூன்றே இனங்களின் வாரிசுகள். மற்றதெல்லாம் நடுவிலேயே நின்றுபோகிறது. 1882 ஏப்ரல் 19-ல் டார்வின் மறைந்தார்.

நண்பர்களே, அந்தப் படத்தை நான் ஒரு டிராயிங் ஷீட்டில் பெரிதாக வரைந்து பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அது ஏணி இல்லை. மேல்படி, கீழ்ப்படி கிடையாது. இன்று உயிரோடு இருக்கும் எல்லாரும் வேரிலிருந்து ஒரே காலத் தூரத்தில் நிற்கிறோம். திண்ணையில் பேசியவரும், எங்க அப்பாவும், நானும் ஒரே கோட்டில்தான்.

டார்வின் என் மார்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிராபிக்ஸை நான்தான் படித்து எழுத வேண்டும். எழுதிவிட்டேன், ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ஷீட்டை அப்பாவிடம் காட்டி விளக்கினேன். சூளைப் புகையில் சிவந்த கண்ணோடு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இதுல நம்ம எங்கடா இருக்கோம் என்று கேட்டார்.

நுனியில் விரலை வைத்துக் காட்டினேன்.