இன்வர்கார்கில் ஷெட்டில் ஒரு பழைய இந்தியன்

கார் பார்க்கிங்கில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிகளை எடுத்துவிடும்படி சங்கத்தின் அறிவிப்பு வந்ததே, பார்த்திருப்பீர்கள். தூணோரம் தார்ப்பாய் போர்த்தி நிற்பது என்னுடையதுதான். அதற்காக வாதாட இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கவில்லை. அறிவிப்பைப் படித்ததும் ஒருவர் ஞாபகம் வந்தார். அவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் எங்கள் ஊர் கம்பவுண்டரிடம் மிலிட்டரி டிஸ்போசலில் வந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்காது. லேத் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடைந்து வாங்கிப் போடுவார். ஒரு வாரம் ஓடும், இரண்டு வாரம் நிற்கும். நான் சொல்லப்போகிறவரும் அதே ரகம்தான். ஆனால் அவர் லேத் பட்டறைக்குக்கூட அதிகம் போகவில்லை.

அவர் பெயர் பர்ட் மன்றோ. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே 1899 மார்ச் 25 அன்று பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி பிரசவத்திலேயே இறந்துவிட்டாள். வளர்ந்தது பக்கத்தில் எடென்டேல் என்ற இடத்தில், அப்பாவின் பண்ணையில். பண்ணையிலேயே வேகமான குதிரை எதுவோ அதன்மேல் ஏறிப் பறப்பாராம், அப்பா திட்டத் திட்ட. முதல் உலகப் போருக்குப் போனால் உலகத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்தார். அவருக்கு வயது வருவதற்குள் போர் முடிந்துபோனது.

1920-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். இந்தியன் என்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கம்பெனி. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்த கம்பெனி அது. இரண்டாம் போரிலும் ஸ்கவுட்டின் வழிவந்த 741 என்ற ராணுவ மாடலைச் செய்தது. மன்றோ வாங்கியது சாதாரண ரோட்டு வண்டி. 600 சி.சி., இரண்டு சிலிண்டர். முழு வேகத்தில் போனால் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர். இன்று நம் காலனிப் பையன்கள் ஓட்டும் ஸ்கூட்டர் அதைத் தொட்டுவிடும்.

1926-ல் அந்த வண்டியைப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் நிறுத்தவே இல்லை.

கையில் காசு கிடையாது. ஆகவே எது வேண்டுமோ அதைத் தானே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். சிலிண்டருக்கு வார்ப்பிரும்புக் கேஸ் குழாய். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு என்ன செய்தார் தெரியுமா? கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சு இரும்பை எடுத்து, கையாலேயே செதுக்கி உருவாக்கினார். இன்ஜினுக்குள் அதிக அடி வாங்குகிற பாகங்களில் அது ஒன்று. ஓடும்போது அது முறிந்தால் இன்ஜினே சிதறிப்போகும். ஓட்டுகிறவர் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்க்க மைக்ரோமீட்டர் வாங்க வேண்டாமா? அதற்கும் ஒரு பழைய சக்கர ஸ்போக்கை வைத்துக்கொண்டார். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால் ஒரு ரூபாய்க்காக ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தவன் நான். ஸ்போக்கை வைத்து பிஸ்டனை அளந்த ஒருவரை என்னால் லேசில் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் தன் ஸ்போக் எவ்வளவு என்பது அவருக்கு அத்துபடியாக இருந்திருக்க வேண்டும்.

இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த வால்வுகளைத் தலைக்கு மேல் கொண்டுவந்தார். இரண்டு கேம் இருந்த இடத்தில் நான்கு வைத்தார். ஃபிளைவீலும் சொந்தத் தயாரிப்பு. இன்ஜினிலிருந்து சக்தியைக் கொண்டுபோக மூன்று செயின் சேர்ந்தாற்போல ஓடும் ஏற்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக 600 சி.சி. கடைசியில் 950 சி.சி. ஆனது. 1936-ம் வருஷத்து வெலோசெட் ஒன்றும் வைத்திருந்தார், அதையும் இப்படியே மாற்றிக்கொண்டிருந்தார்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளர், மெக்கானிக் வேலை. ராத்திரி முழுக்க ஷெட்டில். வெடித்த பிஸ்டன், முறிந்த ராடு எதையும் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஓர் அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கி, வேகம் என்ற தெய்வத்துக்குப் படைத்தவை என்று பொருள்படும்படி எழுதி வைத்தார். தோற்ற கணக்கையும் பேரேட்டில் வைத்திருந்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எது எங்கே முறிந்தது என்று கண்முன் இருந்தால்தானே அடுத்ததை அந்த இடத்தில் தடிமனாகச் செய்ய முடியும்?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1927-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகளும் உண்டு. 1940-களின் கடைசியில் மனைவியைப் பிரிந்தார், வேலையையும் விட்டார், ஷெட்டிலேயே தங்கிவிட்டார். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அப்பா ராத்திரியெல்லாம் ஷெட்டில் இருந்த வீட்டில் மற்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். என் வீட்டம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவரும் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றித்தான்.

இன்வர்கார்கில் பக்கத்தில் ஓரெட்டி என்று நீண்ட கடற்கரை இருக்கிறது. ஈர மணல் கெட்டியாக இருக்கும், பந்தயம் நடக்கும். அங்கே 1957-ல் மணிக்கு 131 மைல் ஓட்டி நியூசிலாந்துச் சாதனை செய்தார். அந்தக் காலகட்டத்தில்தான் நெஞ்சுவலியும் வந்தது. அறுபதை நெருங்கும் மனிதர், இதய நோயாளி, முப்பது வருஷத்துக்கு மேல் பழைய வண்டி. அதைச் செய்த கம்பெனியோ 1953-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் அத்தோடு போதும் என்றிருப்போம்.

அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். யூட்டா மாநிலத்தில் போன்வில் என்ற இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் உப்புத் தரை. மேடு பள்ளம் கிடையாது, மரம் கிடையாது. உலகத்தில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் அங்கேதான் போவார்கள். மன்றோ மொத்தம் பத்துத் தடவை போனார். முதல் தடவை வேடிக்கை பார்க்க மட்டும். மற்ற ஒன்பது தடவையும் ஓட்டினார்.

அங்கே சாதனைக் கணக்கு எப்படி என்றால், ஒரு திசையில் ஒரு ஓட்டம், எதிர்த் திசையில் ஒரு ஓட்டம், இரண்டின் சராசரி. காற்று ஒரு பக்கம் தள்ளிவிட்டதால் கிடைத்த வேகம் கணக்கில் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

1962-ல் முதல் சாதனை. இன்ஜின் 850 சி.சி., மணிக்குக் கிட்டத்தட்ட 179 மைல், 288 கிலோமீட்டர். வண்டிக்கு வயது 42, ஓட்டியவருக்கு 63. 1966-ல் 920 சி.சி. இன்ஜினோடு இரண்டாவது, மணிக்கு 168 மைல். வேகம் முந்தியதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். இன்ஜின் அளவு கூடியதால் அது வேறு பிரிவு.

1967-ல் மூன்றாவது. இன்ஜின் 950 சி.சி. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட பிரிவு. தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் 190 மைலுக்கு மேல் போனார். சாதனையாகப் பதிவானது 183.586 மைல். அப்போது அவருக்கு வயது 68. நான் ரிட்டயர் ஆகி வாக்கிங் போவதையே பெரிய காரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே வருஷம் ஒரு ஓட்டத்தில் பாதித் தூரத்துக்கு மேல் போனபோது வண்டி ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க, படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காற்றின் அழுத்தத்தில் கண் தெரியவில்லை. பாதையை விட்டு விலகிப் போன வண்டி, நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தாண்டியது. வேறு வழியில்லாமல் வண்டியை வேண்டுமென்றே சாய்த்து உப்பில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். மறுபடியும் போன்வில்லுக்குப் போனார்.

2005-ல் இவரைப் பற்றி ஒரு படம் வந்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்தார். பார்க்க வேண்டிய படம், குடும்பத்தோடு பார்க்கலாம். ஆனால் பத்துப் பயணத்தை ஒரே பயணமாகச் சுருக்கிவிட்டார்கள். ஒரே தடவையில் போய் ஜெயித்துவிட்டார் என்று தோன்றும். ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்து, உடைந்ததைத் தட்டில் அடுக்கிவிட்டு, மறுபடி டப்பாவில் உலோகம் ஊற்றியதுதான் நடந்த கதை.

1977-ல் பக்கவாதம் வந்தது. கை கால் சொன்னபடி கேட்கவில்லை. வண்டிகள் ஊரை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று நினைத்து, இரண்டையும் உள்ளூர் வியாபாரி நார்மன் ஹேய்ஸிடம் விற்றார். 1978 ஜனவரி 6 அன்று இறந்தார், வயது 78. ஹேய்ஸ் குடும்பத்தின் ஹார்டுவேர் கடை இன்வர்கார்கிலில் இருக்கிறது. ஆணி, சுத்தியல் வாங்கப் போகிறவர்கள் அந்த இந்தியனையும் பார்த்துவிட்டு வரலாம்.

முடிப்பதற்கு முன், ஒரு பழைய கிளார்க்குக்குப் பிடித்த பகுதியைச் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்து 36 வருஷம் கழித்து, 2014-ல், அவருடைய மகன் ஜான் 1967-ம் வருஷத்துக் கணக்கில் ஒரு தப்பைக் கவனித்தார். வடக்கு நோக்கிய ஓட்டம் 184.710 மைல். தெற்கு நோக்கியது 183.463. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தகவல் போனது. அவர்கள் சரிபார்த்து, தங்கள் கூட்டலில் பிழை என்று ஒப்புக்கொண்டு பதிவைத் திருத்தினார்கள்.

நானும் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கூட்டி, இரண்டால் வகுத்துப் பார்த்தேன். 184.0865. அவர்கள் முழுமையாக்கி 184.087 என்று போட்டிருக்கிறார்கள். சரியாக இருக்கிறது.