சவலைப் பிள்ளைகளுக்காக வாதாடிய டாக்டரம்மா



நம் விருதுநகர் பக்கத்தில் ‘சவலைப் பிள்ளை’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் இல்லாமல் நோஞ்சானாகிப் போகும் மூத்த குழந்தை. தம்பி பிறந்த சமயம் நானும் சவலைதானாம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவார், எனக்குக் கம்மங்கூழ்.

ஆப்பிரிக்காவிலும் ஏறத்தாழ இதே பொருளில் ஒரு சொல் உண்டு. அதை மருத்துவ நூல்களில் ஏற்றியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1893-ல் ஜமைக்காவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஆண் மாணவர்கள் குறைந்ததால் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. 1929-ல் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அரசு டாக்டராகப் போனார்.

அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து இறந்துகொண்டிருந்தார்கள். பெல்லாக்ரா என்றார்கள் பெரிய டாக்டர்கள். இவரோ, குழந்தை என்ன சாப்பிட்டது என்று தாய்மாரிடம் விசாரித்தார். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துச் செய்த கஞ்சிதான், வேறொன்றும் பெரிதாக இல்லை.

நம் கூழும் புளிக்கவைத்ததுதானே? அந்தப் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது. கெட்ட கிருமிகளை ஓரளவு அண்டவிடாது. ஆனால் மாவில் இல்லாத புரதத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? பேங்க்காரன் பாஷையில் சொன்னால், வரவு வைக்காமல் பேரேட்டை எத்தனை தடவை புரட்டினாலும் இருப்பு கூடாது.

1933-ல் இதை எழுதினார், பலர் ஏற்கவில்லை. 1935-ல் ‘லான்செட்’ இதழில் மறுபடி எழுதியபோது, அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயரையே நோய்க்கு வைத்தார்: குவாஷியோர்க்கர். புரதக் குறைவு மட்டுமே காரணமில்லை என்று இன்று சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

1936-ல் மலாயாவுக்கு மாற்றல். அங்கே தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்த டப்பாப்பால் குழந்தைகளுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்தார்கள். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், இது கொலைக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே பேசினார். அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டு! எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

பிறகு ஜப்பானியரின் சாங்கி சிறைமுகாம். அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்து உயிர் பிழைத்தார்கள். 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். 1992-ல் 98 வயதில் காலமானார்.

என் அப்பத்தா கூழோடு ஒரு கை அவித்த தட்டாம்பயறும் வைப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.