மூணு நிமிஷத்துல முசிறி

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல "முசிறி" போர்டு போட்ட பஸ்ஸை நீங்க பார்த்திருப்பீங்க. குளித்தலைக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு வடக்கே இருக்கும் ஊர். அந்த ஊரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். சென்னைக்காரங்க மயிலாப்பூர் ஆலிவர் ரோட்டுக்கே அவர் பேரை வச்சிருக்காங்க. நம்ம ஹாஸ்டல்ல கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது!

1899-ல் திருச்சி மாவட்டம் பொம்மலாபாளையத்தில் பிறந்தவர். பல குருக்களிடம் கற்றாலும் அவரை உருவாக்கியவர் டி.எஸ்.சபேச ஐயர்தான். 1920களில் மேடையேறியபோது மேல் ஸ்தாயியில் அநாயாசமாகப் போகும் குரல். ஆனா அவர் நின்னது வேகத்தால இல்ல, நிதானத்தால.

நிரவல் தெரியுமா? பாட்டின் ஒரே ஒரு வரி. சொல்லும் மாறக்கூடாது, தாளமும் தவறக்கூடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ராகம் புதுசாக விரிய வேண்டும். இதை விளம்ப காலத்தில், அவசரமே இல்லாமல், கேட்பவர் மனசு கரையுற மாதிரி பாடுவார். இன்றும் நிரவல் என்றாலே சங்கீதக்காரர்கள் வாயில் முதலில் வரும் பேர்களில் அவர் பேரும் ஒன்று.

வேடிக்கை என்னன்னா, இந்த நிதானக்காரரை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது கிராமபோன். அந்த ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணு நிமிஷம்தான்! அதே 1930களில் அமெரிக்காவில் ஸ்விங் ஜாஸ்காரர்களுக்கும் இதே இக்கட்டு. மேடையில் விரிவது தட்டில் சுருங்க வேண்டும். முசிறி அதிலும் ஓடவில்லை. ஆபேரியில் அவர் பாடிய "நகுமோமு" ரெக்கார்டு அந்தப் பாட்டையே பிரபலமாக்கியது.

1938-ல் "துக்காராம்" படத்தில் துக்காராமாகவே நடித்தார். அதோடு சினிமா சரி. 1939-ல் சங்கீத கலாநிதி. அப்போ வயசு நாற்பதுதான். அடுத்த சில வருஷத்தில் உடல்நிலை ஒத்துழைக்காமல் கச்சேரி மேடையை விட்டு ஒதுங்கினார். உச்சத்துல இருக்கிற பாடகனுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

1949-ல் சென்னையில் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வரானார். 1965 வரை அங்கேதான். டி.கே.கோவிந்தராவ், மணி கிருஷ்ணசாமி, பம்பாய் சகோதரிகள் எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். 1971-ல் பத்மபூஷண் வந்தது. 1975-ல் காலமானார்.

ராத்திரி ஹெட்போனை மாட்டி அந்த ஆபேரியைத் தேடிக் கேளுங்க. தட்டு கரகரன்னுதான் இருக்கும். மூணு நிமிஷம்தானே!