இளைஞர் கழகம் கண்ட டெரோசியோ

இருபத்திரண்டு ஆண்டுகளும் எட்டுத் திங்களுமே இவ்வுலகில் வாழ்ந்தவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் நெருங்கும் இந்நாளிலும் அவர் பெயர் நிலைத்திருப்பதற்கு அவருடைய கவிதைகள் மட்டும் காரணமல்ல. தம்மைவிடச் சில ஆண்டுகளே இளையவரான மாணவர்களைக் கூட்டி, அவர்கள் கையிலேயே ஒப்படைத்து அவர் நடத்திய கழகமும் பெருங்காரணமாகும். கவிஞரும் கவிதை அன்பரும் கூடி நடத்தும் நம் போன்ற வட்டங்கள் அறிந்துகொள்ளவேண்டிய வாழ்வு அவருடையது.

டெரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை வழியில் போர்த்துக்கீசிய மரபும் இந்திய மரபும் கலந்த குடும்பம். ஆங்கிலேயர் தம்மவராக ஏற்காத, இந்தியரும் தம்மவராகக் கருதாத கலப்புக் குலத்தில் தோன்றியவர் அவர். எனினும் இந்த மண்ணையே தம் தாய்நாடாகக் கொண்டு பாடினார். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டிரம்மண்டு தர்மதலாவில் நடத்திய பள்ளியில் பதினான்கு வயதுவரை பயின்றார். பல இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து படித்த பள்ளி அது. அதன் ஆசிரியரோ கவிஞர். எதனையும் கேள்விக்கு உட்படுத்தும் சிந்தனையாளர். பின்னாளில் டெரோசியோ நடத்திய கழகத்திற்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

பள்ளியை விட்டதும் தந்தையார் பணிபுரிந்த வணிக நிறுவனத்தில் சிலகாலம் எழுத்தர் வேலை பார்த்தார். பின்னர்ப் பாகல்பூரில் உறவினர் ஒருவரின் அவுரித் தோட்டத்தில் வாழ்ந்தார். கங்கைக் கரையும் ஆற்றின் நடுவே எழுந்த பாறையும் அவருள் கவிதையை ஊறச்செய்தன. இளைஞன் எனப் பொருள்படும் ஜுவெனிஸ் என்ற இலத்தீன் புனைபெயரில் 'இந்தியா கெசட்' இதழுக்குப் பாடல்கள் விடுத்தார். அதன் ஆசிரியர் ஜான் கிராண்ட் அவற்றை மகிழ்ந்து வெளியிட்டார். 1827இல் முதல் கவிதைத் தொகுதியும், 1828இல் அப்பாறையைக் களமாகக் கொண்ட நெடுங்கவிதையும் நூல்களாயின.

இதற்கிடையே 1826இல், பதினேழாம் வயதில், இந்துக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். 1817இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி வங்கத்துச் செல்வர் குடிப் பிள்ளைகளின் கல்விக்கூடம். பாடநேரம் முடிந்த பின்னும் மாணவர்கள் அவரை விட்டு அகலவில்லை. அவர் இல்லத்திலும் சூழ்ந்து அமர்ந்தனர். இந்த நட்பையே 1828இல் ஒரு கழகமாக உருப்படுத்தினார் டெரோசியோ. அகாடமிக் அசோசியேஷன் என்பது அதன் பெயர். கல்வியாளர் கழகம் என்று நாம் அதனைச் சொல்லலாம். மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங் என்பாரின் தோட்ட இல்லம் அதன் கூடமாயிற்று.

கழகம் நடந்த முறையை ஊன்றி நோக்கவேண்டும். தலைவர் டெரோசியோ, செயலர் உமாசரண் போஸ் என்னும் இளைஞர். விதியா, தன்விருப்பமா என்பதும், கடவுள் உண்மையும், உருவ வழிபாடும், நாட்டுப்பற்றும் அங்கே பொருள்களாயின. எப்பொருளாயினும் ஒட்டியும் வெட்டியும் பேசவேண்டும் என்பது மரபு. ஆசிரியர் முடிவைச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கு இல்லை. கடிகார வணிகராக வந்து கல்வித் தொண்டராக நிலைத்த டேவிட் ஹேரும், உச்சநீதிமன்ற நடுவர் எட்வர்டு ரயனும் போன்ற பெரியோர் வந்தனர். ஆனால் கேட்போராகவே பெரிதும் அமர்ந்தனர். பெரியவர் செவிகொடுக்க இளையவர் பேசும் அவை அக்காலத்திற்குப் புதிது.

கிருஷ்ணமோகன் பானர்ஜி, ரசிககிருஷ்ண மல்லிக், ராம்கோபால் கோஷ், தட்சிணாரஞ்சன் முகர்ஜி, ராம்தனு லாகிரி, ராதாநாத் சிக்தார், பியாரிசந்த் மித்ரா முதலானோர் டெரோசியோவைச் சூழ்ந்து வளர்ந்தவர்கள். 1830இல் மாணவர்கள் 'பார்த்தினன்' என்ற இதழை வெளியிட்டனர். முதல் இதழோடு கல்லூரி ஆட்சியாளர் அதனை நிறுத்திவிட்டனர்.

ஊரில் அச்சம் பரவியது. இளைஞர் சிலர் உணவு விலக்குகளை வெளிப்படையாக மீறினர், வழிபாட்டை எள்ளினர். பெற்றோர் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து விலக்கத் தொடங்கினர். 1831 ஏப்ரல் 23ஆம் நாள் கல்லூரி ஆட்சிக்குழு கூடிற்று. கற்பிக்கத் தகுதியற்றவரா டெரோசியோ என்ற கேள்விக்கு, அவ்வாறு சொல்லச் சான்றில்லை என்றே பெரும்பான்மையோர் கருதினர். ஆனால் ஊராரின் உள்ளக் கொதிப்பை எண்ணி அவரை விலக்குவதே நலம் என்று முடிவு செய்தனர். இந்துக்களின் மனநிலை பற்றிய கேள்வி என்பதால் சமஸ்கிருத அறிஞர் வில்சனும் டேவிட் ஹேரும் அதில் வாக்களிக்காமல் ஒதுங்கினர். விலக்கல் வேண்டாம் என்று நின்றவர் தோட்ட இல்லம் தந்த அந்த ஸ்ரீகிருஷ்ண சிங் ஒருவரே.

டெரோசியோ பதவி விலகல் மடல் விடுத்தார். தம்மைக் கேளாமலே தீர்ப்பு எழுதப்பட்டதை அதில் சுட்டினார். கடவுள் மறுப்பைப் புகட்டினார், பெற்றோரைப் பணியவேண்டா என்றார், உடன்பிறந்தார் மணத்தை ஏற்றார் என்பன அவர்மீது சொல்லப்பட்ட பழிகள். பின் இரண்டையும் அறவே மறுத்தார். முதலாவதற்கு, ஹியூமின் ஐயவாதத்தைக் கற்பித்ததோடு அதனை மறுத்த ரீடு, ஸ்டூவர்ட் ஆகியோரையும் கற்பித்ததாக வில்சனுக்கு விளக்கினார். கழகத்தின் மரபே அவர்தம் வகுப்பின் மரபுமாக இருந்தது. அதுவே பலருக்குப் பொறுக்கவில்லை.

வேலை இழந்த அவர் தம் கலப்புக் குலத்தாரின் உரிமைக்காக 'ஈஸ்ட் இண்டியன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் வாந்திபேதி அவரைப் பற்றியது. மாணவர்கள் அருகிருந்து பணிவிடை செய்தனர். 1831 டிசம்பர் 26ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. பார்க் தெருவின் தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

தலைவர் போயினும் கழகம் போகவில்லை. டேவிட் ஹேர் தலைமையேற்க, 1830களின் இறுதியை நெருங்கும் வரை அது தொடர்ந்தது. 1838இல் அம்மாணவர்களே பொதுஅறிவு ஈட்டும் சங்கம் ஒன்றை நிறுவினர். தாராசந்த் சக்கரவர்த்தி தலைவர். ராம்தனு லாகிரியும் பியாரிசந்த் மித்ராவும் செயலர்கள். 1843 பிப்ரவரியில் அச்சங்கம் இந்துக் கல்லூரியில் கூடியபோது, கும்பினியின் நீதிமுறையையும் காவல்துறையையும் குறைகண்டு தட்சிணாரஞ்சன் கட்டுரை படித்தார். கல்லூரியின் தலைவரும் கவிஞருமான ரிச்சர்ட்சன் எழுந்து, இது அரச நிந்தனை என்று இடைமறித்தார். தலைமை வகித்த தாராசந்த், அவர் அங்கு விருந்தினரே என்பதை நினைவூட்டி, படிப்பவரைத் தடுக்க அவருக்கு உரிமையில்லை என்று கண்டித்தார். டெரோசியோ மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இது. பேசுபவனின் முறையைக் காப்பதே தலைவனின் கடமை என்ற பாடத்தை அந்த அவை மறக்கவில்லை.

அக்குழுவினரின் குறைகளையும் சொல்லவேண்டும். அவர்கள் வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. உழவரும் பெண்டிரும் அவ்வட்டத்திற்கு வெளியிலேயே நின்றனர். 1831 ஆகஸ்டில் கிருஷ்ணமோகன் இல்லத்தில் நண்பர்கள் மாட்டிறைச்சி உண்டு, மிச்சத்தை அயலார் வீட்டில் எறிந்தது சிந்தனை உரிமை ஆகாது. அயலாரை நோகச் செய்த சிறுமையே ஆகும். ஆனால் காலம் அவர்களைப் பக்குவப்படுத்திற்று. கணக்கில் வல்ல ராதாநாத் சிக்தார் எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தைக் கணித்த பணியில் புகழ்பெற்றார். அவரும் பியாரிசந்தும் சேர்ந்து 1854இல் பெண்டிரும் படிக்கத்தக்க எளிய வங்காளத்தில் ஒரு திங்களிதழ் தொடங்கினர். பியாரிசந்த் அவ்விதழில் எழுதி, 1858இல் நூலாக வந்த 'ஆலாலேர் கரேர் துலால்' வங்க நாவலின் தொடக்க நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் வாதிடப் பழகியோர் தாய்மொழிக்குத் திரும்பிய வழி இது.

டெரோசியோ கழகத்தை நடத்தியது மூன்று ஆண்டுகளே. அது அவர் பெயரால் நின்றிருப்பின் அவரோடு முடிந்திருக்கும். செயலர் பொறுப்பை இளைஞரிடம் தந்தார். மறுத்துப் பேசுவதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. பெரியோரைக் கேட்போராக அமர்த்தினார். ஆதலின் அது அவரின்றியும் நடந்தது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்று இங்குண்டு. நம்மிடம் புதிதாக வரும் இளங்கவிஞர் நம்மைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றனரா, நம்மை மறுத்தும் பேசுகின்றனரா என்பதே அது. அதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டு அமையும்.