மணலில் அ எழுதிய சீகன்பால்கு

 மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு சங்கத்து அண்ணை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் ஏ.எல். வரைதான் படித்தவன். இங்கே ஒடென்சேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆனாலும் கொஞ்சக் காலமாக ஒரு மனிதருடைய கதை மனதுக்குள் கிடந்து குடைகிறது. என்னைப் போன்ற நாலு பேருக்காவது பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வேலையிடத்தில் ஓய்வெடுக்கிற அறையில் ஒரு வயதான டெனிஷ்காரர் நான் என்ன பாஷை கதைக்கிறனான் என்று கேட்டார். தமிழ் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்து ட்ரங்கபார், ட்ரங்கபார் என்றார். எனக்கு ஒண்டும் விளங்கவில்லை. வழக்கம்போல யா, யா எண்டு தலையாட்டிவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் நன்றாய்ப் பழகிய வேலை இந்தத் தலையாட்டுதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் அது எங்கட தரங்கம்பாடி என்று தெரிந்தது. டெனிஷ்காரருக்குத் தெரிந்த தமிழ் ஊர், தமிழனான எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தோடு நூலகத்துக்குப் போய் வாசிக்கத் தொடங்கினேன்.

1618 இல் டென்மார்க்கிலிருந்து ஓவ கேதே என்ற தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. அவை 1620 இல் முதலில் வந்து சேர்ந்தது இலங்கைக்குத்தான். திருகோணமலையில் ஒரு கோட்டை கட்டவும் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆனால் அதே ஆண்டில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் வியாபாரம் செய்ய இடம் கொடுத்தார். அவர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கொப்பன்ஹேகனில் பாதுகாப்பாக இருக்கிறது. நாங்கள் இந்த நாட்டுக்கு வர முந்நூற்றைம்பது வருசத்துக்கு மேல் முன்னரே எங்கட எழுத்து இங்கே வந்துவிட்டது.

அந்தத் தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்தவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஏ.எல். வகுப்பில் ஐரோப்பியர் செய்த தமிழ்த்தொண்டு என்ற பாடத்தில் வீரமாமுனிவரோடு சேர்த்து இவருடைய பெயரையும் மனப்பாடம் செய்தது ஞாபகம். அவர் எப்படி வாழ்ந்தார் என்று அப்போது யோசித்ததே இல்லை.

அவர் டெனிஷ்காரர் அல்ல, ஜேர்மன்காரர். 1682 இல் சக்சோனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். ஹாலே நகரில் படித்தார். உடம்பு எப்போதும் நோஞ்சான், படிப்பைக்கூட இடையில் விடவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தரங்கம்பாடிக்குக் கிறிஸ்தவ சமயம் பரப்ப ஆட்கள் தேடினார். சீகன்பால்கு தானாக விரும்பிப் போக ஒப்புக்கொண்டார். புளூட்ஷாவ் என்ற நண்பரும் கூடவே போனார். 1705 நவம்பர் கடைசியில் கொப்பன்ஹேகனில் கப்பல் ஏறினார்கள். 1706 ஜூலை 9 இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடல்.

இறங்கிய அன்றே பிரச்சினை தொடங்கியது. அரசர் கொடுத்த கடிதம் கையில் இருந்தும் அங்கிருந்த டெனிஷ் ஆளுநருக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தார். வந்தவர்களை நாள் முழுக்கக் காக்க வைத்தார். தங்க இடமும் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தாராம். வெயிலும் புதிது, சனமும் புதிது. அங்கே ஐரோப்பியர் ஊர்ச் சனத்தோடு போர்த்துக்கேயத்தில்தான் கதைப்பார்கள். அதுகூட இவருக்குச் சரியாகத் தெரியாது. இதை வாசிக்கும்போது முகாமில் நாங்கள் இருந்த முதல் நாட்கள் உங்களுக்கு ஞாபகம் வரும்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை உலுக்கியது. போர்த்துக்கேயத்தோடு சமாளித்துக்கொண்டு மற்ற வெள்ளைக்காரர் போல இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. வயதான ஒரு தமிழ் வாத்தியாரைத் தேடிப்பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தன்ர வீட்டுக்குக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைகளோடு தானும் நிலத்தில் இருந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. படித்த மனிதர், அரசர் அனுப்பிய ஆள். பிள்ளைகள் சிரித்திருக்கும்தானே. சிரிக்கட்டும் எண்டு இருந்தார்.

அந்த வாத்தியாருக்கு வேறு பாஷை தெரியாது. எழுத்தைக் காட்டலாம், கருத்தைச் சொல்ல வழியில்லை. ஆகையால் பல பாஷை தெரிந்த அழகப்பன் என்பவரைச் சம்பளத்துக்கு வைத்தார். பிறகு நாளை மணிக்கணக்குப் போட்டுப் பிரித்தார். காலை ஏழு தொடக்கம் எட்டு வரை பழைய சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டு தொடக்கம் பன்னிரண்டு வரை ஒரு முதிய புலவரோடும் எழுத்தர் ஒருவரோடும் இருந்து புதிய தமிழ் ஏடுகளை வாசிப்பது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு மீண்டும் வாசிப்பு. இரவில் கண் களைத்துவிடும் என்பதால் வேறொருவர் வாசிக்க இவர் கேட்பது. விளங்காத சொல் ஒன்றும் இல்லை என்று வரும்வரை ஒரே ஏட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு வருசத்துக்குள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார்.

நான் சைவன். அவர் வந்த நோக்கம் எங்கட ஆட்களை மதம் மாற்றுவது. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. தமிழரை அறியாத சனம் என்று நினைத்துத்தான் அவரும் வந்தார். ஆனால் எங்கட நூல்களை வாசிக்க வாசிக்க அந்த எண்ணம் மாறியது. தான் சேர்த்த நூறுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். எங்கட பிள்ளைகள் பாடமாக்குகிற கொன்றைவேந்தன், உலகநீதியை 1708 இலேயே ஜேர்மனில் மொழிபெயர்த்தார். தமிழரிடமே கேள்வி கேட்டு எழுதுவித்த 99 கடிதங்களை ஜேர்மன் வாசகருக்கு மொழிபெயர்த்தார்கள். தமிழ்த் தெய்வங்களைப் பற்றி 1713 இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதை விரும்பவில்லை. 1867 இல்தான் அது சென்னையில் அச்சானது.

அவருக்கு வந்த துன்பம் அதிகமும் தன்ர ஆட்களால்தான். நாவிதர் ஒருவருடைய விதவைக்குக் கடன் வழக்கில் அநியாயம் நடக்கிறது என்று பரிந்து பேசப் போனார். அதனால் 1708 முடிவில் ஆளுநர் அவரைக் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சியந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. எழுத்துப் பெரிதாக இருந்து காகிதம் போதாமல் போனதால் அங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715 இல் நூல் அச்சாகி முடிந்தது. பொறையாறில் காகித ஆலையும் போட்டார்கள்.

1714 இல் ஒருமுறை ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். ஹாலேயின் குளிரை அந்தப் பிள்ளை எப்படித் தாங்கினாரோ தெரியாது. அந்தப் பயணத்தில் சீகன்பால்கு மரியா தொரதேயா என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதி 1716 இல் ஹாலேயில் வெளியிட்டார். அதே ஆண்டில் திரும்பித் தரங்கம்பாடிக்கே போனார். 1718 இல் கட்டி முடித்த அவருடைய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. கொப்பன்ஹேகனில் இருந்த மேலதிகாரிகளோ கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்று கடிதம் எழுதி மனதை நோகடித்தார்கள். 1719 பெப்ரவரி 23 இல் அவர் இறந்தார். வயது 36. அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1845 இல் டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது.

இப்போது எனக்கும் வயது 36. அதனால்தான் இந்தக் கதை என்னை விடவில்லை.

அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு. அவர் விரும்பிப் போனவர், நாங்கள் துரத்தப்பட்டு வந்தவர்கள். அவருக்குத் திரும்பிப் போக நாடு இருந்தது. படிக்க நேரம் இருந்தது. இரவு வேலை முடித்துவிட்டு மொழிப் பாடசாலையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தச் சாட்டைத்தான் நான் இத்தனை வருசம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன மார்கழியில் முதுகு வலிக்கு டாக்குத்தரிடம் போனேன். பாஷைக்காகப் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்குத்தர் ஏதோ கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள், பேசாமல் நின்றாள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அழுதாள். அப்பாவுக்கு மனதில் ஏதும் கவலை இருக்கோ, நித்திரை வருகுதோ எண்டு டாக்குத்தர் கேட்டவராம். அதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு டெனிஷ் காணாது, அவளுக்குத் தமிழ் காணாது. நடுவில் நின்று பிள்ளை தவித்துப்போனாள். பெரிய ஆட்களின் வருத்தத்தைக் காவுகிற வேலையை ஒரு குழந்தையிடம் கொடுத்தது என்ர பிழை.

அண்டைக்கு முடிவெடுத்தேன். இப்போது லீவு நாட்களில் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் கொப்பியோடு இருக்கிறோம். அரை மணித்தியாலம் அவள் எனக்கு வாத்தியார், அரை மணித்தியாலம் நான் அவளுக்கு வாத்தியார். டெனிஷ் மெல்லின த வராமல் நான் திணறும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் ழகரத்துக்குத் திணறும்போது நான் சிரிப்பதில்லை. பின்னேர வகுப்புக்கும் மீண்டும் பெயர் கொடுத்துவிட்டேன். வேலையில் விளங்காவிட்டால் விளங்கவில்லை எண்டு சொல்லப் பழகிக்கொண்டு வாறேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

அந்த டெனிஷ்காரரிடம் போய் தரங்கம்பாடிக் கதையை எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். கனக்கப் பிழை விட்டிருப்பேன். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களில் கனபேர் வெட்கத்தால் வாயைத் திறக்காமல் இருக்கிறோம். இந்தப் புத்தாண்டில் பெரியவர்கள் டெனிஷ் வகுப்புக்கும், பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கும் பெயர் கொடுங்கோ. பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். எல்லோருக்கும் நலமும் நல்வாழ்வும் கிடைக்க வேண்டி விடைபெறுகிறேன்.