சர் சி. வி. இராமன்: தம் கண்ணையே ஆய்ந்த அறிவியலாளர்

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் செல்கையில், மின்விளக்கின் ஒளி எட்டாத இடத்தில் ஒரு செவ்வரளிப் பூவைப் பாருங்கள். பூவின் வடிவம் தெரியும். சிவப்போ கருமையாகத் தோன்றும். இத்தகைய அன்றாடக் காட்சிகளின் காரணத்தைத் தம் முதுமையில் ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன்.

வாழ்க்கை

இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1907 முதல் நிதித்துறையில் பணியாற்றி, 1917இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928இல் ஒளிச்சிதறல் குறித்து அவர் கண்டறிந்த விளைவு, 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. 1948இல் பெங்களூரில் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் அமைத்தார். 1970 நவம்பர் 21 அன்று காலமானார்.

பார்வை குறித்த ஆய்வு

இறுதிப் பத்தாண்டில் மலர்களின் நிறங்களும் மனிதப் பார்வையும் அவரை ஈர்த்தன. வண்ண வடிகட்டி வழியே ஒளிரும் வெண்திரையை நோக்கிவிட்டு, வடிகட்டியைச் சட்டென அகற்றுவார். அப்போது திரையில் தோன்றும் உருவத்தைக் கொண்டு தம் விழித்திரையின் இயல்பை ஆராய்ந்தார். முடிவுகளை 1968இல் நூலாக வெளியிட்டார்.

மூவகை உணர்விகளால் நிறம் அறியப்படுகிறது என்னும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும், 1964இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விழித்திரையின் தனித்தனிக் கூம்பு செல்களை அளந்து, அவை மூவகை என்று காட்டினர். இன்றைய மருத்துவம் இதையே ஏற்கிறது. பெரும் புகழுடையவரின் கருத்தாயினும், அளவீடே அதன் உண்மையை முடிவுசெய்கிறது.

நீங்கள் அறிய வேண்டியது

கூம்பு செல்கள் நல்ல ஒளியில் நிறத்தை உணர்த்துகின்றன. மங்கிய ஒளியில் குச்சி செல்களே பெரிதும் செயல்படுகின்றன. அவை நிறத்தை வேறுபடுத்துவதில்லை. எனவே நிலவொளியில் நிறம் மங்குவது நோயன்று.

ஆனால், மற்றவர்கள் இயல்பாக நடக்கும் அந்திவேளையில் உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ வழி தெரியாமல் தடுமாற்றம் ஏற்பட்டால், அது மாலைக்கண் நோயாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம். கவனியாது விட்டால் குழந்தைகளின் பார்வையே பறிபோகக்கூடும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளாமல், அரசு மருத்துவமனையின் கண் மருத்துவப் பிரிவை உடனே அணுகுங்கள்.